புரட்டாசியில் மீன் வாங்கியவர்கள்

என் அக்கா பெரியநாயகி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே நாலு வாய் போட்டுக்கொள்வாள். "உக்காந்து தின்னா நாற்காலி கடிச்சிருமா?" என்று கேட்டால், "ஐஸ் கரையுதுடா" என்பாள். வீட்டில் ஒரு துண்டு ஐஸ் இல்லாத நாளிலும் அதே பதில்தான்.

அவள் மீன்காரி. காலையில் மலாக்காக் கடற்கரையில், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் படகுத்துறையில் போய் நிற்பாள். பாக் மாட் என்ற மலாய் மீனவர் கொண்டுவருவதைப் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினால், புக்கிட் காத்தில் வீடமைப்புப் பகுதியில் தொடங்கி டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் வரைக்கும் ஒரு சுற்று. வாடிக்கை எல்லாம் தமிழ் வீடுகள். லயத்து வரிசை வீடுகளின் முனையில் நின்று ரப்பர் பந்து வைத்த பழைய ஆரனை அமுக்குவாள். பெண்கள் தட்டோடு வருவார்கள். முதலில் இந்தச் சுற்று அவள் புருஷன் அங்கமுத்து மாமாவுடையது. லோரி இடித்து அவருக்கு இடுப்பு போனபிறகு அக்கா மோட்டாரில் ஏறினாள். பொம்பளை மோட்டார் ஓட்டி மீன் விற்பதா என்று தோட்டமே சிரித்தது. குழம்புக்கு மீன் வேண்டியிருந்ததால் அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை.

நான் காளிதாஸ், அவள் தம்பி. தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் சொந்த பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை பஸ்ஸும் சும்மா நிற்கும், நானும் சும்மா நிற்பேன். அப்படி நின்ற குற்றத்துக்காகத்தான் அந்தக் கேஸ் முழுக்க அக்காவுக்கு வண்டி ஓட்டும் தண்டனை எனக்குக் கிடைத்தது. அவளுடைய பரபரப்பில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை போகவில்லை.

கேஸைச் சொல்வதற்கு முன்னால் புரட்டாசியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அந்த மாதம் முழுக்கச் சைவம். கடைசிச் சனிக்கிழமைப் பூசை முடியும்வரை கவிச்சி வாடை வாசல்படி ஏறக் கூடாது. அக்காவும் ஆரன் அடிக்க மாட்டாள். பெட்டியின் மேல் சாவி என்கிற சீனக் கீரை, பயற்றங்காய், வெண்டைக்காய் என்று பரப்பிக்கொண்டு காய்கறிக்காரியாகிவிடுவாள். ஆனால் கீரைக்கு அடியில் ஐஸ் இருக்கும், ஐஸுக்கு அடியில் மீன் இருக்கும். மோட்டாரை லயத்துக்குப் பின்பக்கம் நிறுத்துவாள். பின்வாசல் லேசாகத் திறக்கும், கை மட்டும் நீளும். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்பார்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு என்பார்கள். கோயில் தலைவர் அப்புசாமி அண்ணன் வீட்டுப் பின்வாசலும் திறக்கும். நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, கருவாட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொல்லி மைக்கில் பேசுகிறவர் அவர். அவர் மனைவி இருசம்மாள் அக்கா, "அவருக்கு அல்சரு" என்று சொல்லி வாங்குவார். மீன் தின்றால் அல்சர் எப்படி ஆறும் என்று அக்கா கேட்டதில்லை.

கேட்கவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். புரட்டாசியில் எந்த வீட்டில் வாங்கினார்கள் என்று மாமாவிடம்கூட அவள் வாய் திறந்ததில்லை. எனக்கே கேஸுக்காக அவளை வீடுவீடாக ஏற்றிப் போனபோதுதான் தெரிந்தது. அந்த வாய் ஒருமுறை திறந்தால் அடுத்த நாள் எந்தப் பின்வாசலும் திறக்காது. அவள் தொழிலே அதில்தான் நின்றது.

தொண்ணூற்றைந்தில், புரட்டாசி பிறந்த கையோடு கடலில் ஒரு கப்பல் வந்தது. எண்ணெய் தேடும் கப்பல். தண்ணீருக்குள் பெரிய சத்தம் விட்டு, அது கடலடித் தரையில் மோதித் திரும்புவதை வைத்து எண்ணெய் இருக்கிறதா என்று கணக்குப் போடுவார்களாம். கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதைச் சுற்றிப் பவளப் பாறையும் கடற்புல்லும். இறால் குஞ்சு அங்கேதான் பெருக்கும், ஆமை அங்கேதான் ஏறி முட்டையிடும், பாக் மாட்டும் அங்கேதான் வலை போடுவார். கப்பல் சுற்றிய நாட்களில் அவர் வலையில் பாசிதான் வந்தது. கப்பல் போனபிறகு மீன் மெல்லத் திரும்பியது. அதோடு விட்டிருந்தால் எல்லோரும் மறந்திருப்போம். வருடக் கடைசியில், தீவுக்குப் பக்கத்திலேயே துளை போட இரும்புக் கோபுரம் வரப்போகிறது என்று தெரிந்தது.

கம்பத்தில் கூட்டம் போட்டார்கள். டவுனிலிருந்து மிஸ் லிம் என்ற இளம் லாயர் வந்திருந்தார். கடலுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து எழுதிய அறிக்கையைக் கம்பெனி யாருக்கும் காட்டவில்லை, காட்டும்வரை துளை போடக் கூடாது என்று கோர்ட்டில் தடை கேட்கலாம் என்றார். ஆனால் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டுவிட முடியாதாம். ஊருக்கெல்லாம் வரும் கஷ்டத்தைவிடத் தனக்கென்று கூடுதலாக ஒரு நட்டம் வந்த ஆள் வேண்டுமாம். பாக் மாட் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய படகு லைசென்ஸ் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. மற்ற மீனவர்களும் தரையில் விரித்த பாயைப் பார்த்தபடி இருந்தார்கள். எல்லோருக்கும் லைசென்ஸ் இருந்தது.

சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்த அக்கா, "நான் போடுறேன் கையெழுத்து. எங்கிட்ட லைசென்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள்.

திரும்பும் வழியில் கத்தினேன். "உனக்கு எதுக்குக்கா இந்தச் சூசா, இந்த வீண் தொல்லை? கம்பெனிக்காரன் லாயர் பட்டாளத்தோட வருவான்லா."

"மீனு இல்லாட்டி நான் எத விக்கிறது? வெறும் ஐஸையா? உங்க மாமாவுக்கு யாரு சோறு போடுவா, கம்பெனியா?"

மிஸ் லிம் ஆபிசில் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதினார்கள். அவர் மலாயில் கேட்பார், அக்கா பாசாரில், சந்தையில், கற்ற கொச்சை மலாயில் பதில் சொல்வாள். கப்பல் நின்ற வாரங்களில் வியாபாரம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். பாதிக்கும் கீழே என்றாள் அக்கா. அதற்கு முந்திய மாதம்? பெட்டி காலியாகித்தான் வீடு திரும்பினேன் என்றாள். மிஸ் லிம்முக்கு ரொம்பச் சந்தோஷம். பளிச்சென்று இருக்கிறது, கப்பல் வந்தது, வியாபாரம் விழுந்தது என்று டைப் அடித்து நீட்டினார். அக்கா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

அது என்ன மாதம் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. மிஸ் லிம்முக்குத் தெரிய நியாயமில்லை. அக்காவோ புரட்டாசியில் தான் மீனே விற்பதில்லை என்று இத்தனை வருடம் ஊருக்குச் சொல்லிச் சொல்லி, அந்த மாதத்தைக் கணக்கில் வைப்பதையே விட்டுவிட்டாள்.

மலாக்கா உயர்நீதிமன்றத்தில் விசாரணை வந்த நாள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள். பஸ் என்னுடையது, டீசல் கோயில் கமிட்டியுடையது. அப்புசாமி அண்ணன்தான் ஏற்பாடு. "நம்ம பொண்ணு ஒருத்தி கம்பெனியையே எதுத்து நிக்கிது, நாம போகாம யாரு போவா?" என்று வெள்ளை வேட்டியில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டிலும் முன் வரிசைதான். பக்கத்தில் இருசம்மாள் அக்கா.

கம்பெனி தரப்பு லாயர் விஜயரட்ணம், யாழ்ப்பாணத் தமிழர். மெல்லிய குரல், அவசரமே இல்லாத ஆள். அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்காவைக் கூண்டில் ஏற்றச் சொல்லி அனுமதி வாங்கி, ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்களிடம் மீன் வாங்குகிறவர்கள் இந்துக்கள்தானே?"

"ஆமாங்க."

"கப்பல் வந்தது செப்டம்பர் மூன்றாம் வாரம். தமிழுக்கு அது என்ன மாதம்?"

மொழிபெயர்ப்பாளரும் தமிழர். கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புரட்டாசி."

"புரட்டாசியில் உங்கள் வாடிக்கைக்காரர்கள் மீன் சாப்பிடுவார்களா?"

"மாட்டாங்க."

"அப்படியானால் கப்பல் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த மாதம் உங்கள் வியாபாரம் விழத்தானே செய்யும்?"

மிஸ் லிம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். புரட்டாசி என்றால் என்னவென்று அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். அவளுக்குத்தான் சும்மா இருக்க வராதே. "விழும் சார். ஆனா ஒரேயடியா விழாது. அந்த மாசமும் வாங்குறவங்க இருக்காங்க. போன வருஷம் அவங்களுக்குக் குடுக்கக்கூட மீனு இல்ல. அது புரட்டாசியால இல்ல, கப்பலால" என்றாள்.

விஜயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் அவர்கள்? பெயரைச் சொல்லுங்கள்."

முன் வரிசையில் அப்புசாமி அண்ணன் திடீரென்று மேல்கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். இருசம்மாள் அக்கா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட அசையவில்லை. அக்கா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

நீதிபதி தலையைத் தூக்கி, ஏன் என்று கேட்டார்.

"நம்பி வாங்குறாங்க ஐயா. சொன்னா நான் மீன்காரி இல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னபோது நீதிபதி லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. அவர் மலாய் முஸ்லிம். ரம்ஜான் நோன்பு மாதத்தில் எந்தக் கடைக்குப் பின்னால் யார் சாப்பிடுவார் என்பது அவருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று நினைக்கிறேன். வாங்கியவர்கள் தாங்களே முன்வந்து சத்தியம் செய்து கொடுத்தால் ஏற்கலாம் என்று இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் விஜயரட்ணம் அக்காவைப் பார்த்து நின்றார். "அம்மா, பிழையா நினைக்காதேங்கோ. இது என்ர வேலை."

"உங்க வேலைய நீங்க செஞ்சீங்க சார். என் வேலைய நான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள். எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க என்ன இருக்கிறது? அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த இரண்டு வாரம் எங்களுக்குத் தூக்கம் இல்லை. மிஸ் லிம் தினம் போன் அடித்தார். பெயரை மட்டும் கொடுங்கள், நான் சம்மன் அனுப்புகிறேன் என்றார். அக்கா கேட்கவில்லை. காலையில் மீன் சுற்று, மத்தியானம் என்னோடு பின்வாசல் சுற்று என்று அலைந்தாள். நான் பஸ்ஸைத் தோட்டத்து முனையில் நிறுத்திக்கொண்டு இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பேன். போன வேகத்திலேயே திரும்பி வருவாள். ஒரு வீட்டில் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள், மாப்பிள்ளை வீடு பெருமாள் பக்தர்களாம். இன்னொரு வீட்டில் புருஷன் கமிட்டியில் இருந்தான். மூன்றாவது வீட்டுக்காரி, "நான் எப்பக்கா உங்ககிட்ட வாங்கினேன்?" என்று அக்கா முகத்தைப் பார்த்தே கேட்டாளாம்.

"நாக்கு கூசல அவளுக்கு?" என்றேன்.

"விடுடா. அவளுக்கு வேற வழி இல்ல" என்றாள். ஆனால் வீடு வரும்வரை பஸ்ஸின் நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வந்தாள். உட்கார் என்று நான் கத்தியும் கேட்கவில்லை.

தவணை முடிய ஒரு நாள் இருந்தது. மிஸ் லிம் ஆபிசுக்குப் போய், யாரும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று கிளம்பினோம். அங்கே வாசல் பெஞ்சில், கையில் குடையோடு, இருசம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார். டுரியான் துங்காலிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய அவர் தனியாக டவுனுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

"நான் வாங்கினேன்னு எழுதிக்கச் சொல்லு" என்றார்.

அக்கா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நீங்க தின்னதில்லையே. அந்த மாசம் உங்க நாக்குல பட்டதே இல்லன்னு எனக்குத் தெரியும். அண்ணனுக்குத்தானே வாங்குனீங்க?"

"நான் வாங்கினேன், அது சத்தியம். வருஷா வருஷம் வாங்குறது போன வருஷம் கெடைக்கல, அதுவும் சத்தியம். யாரு தின்னாங்கன்னு கோர்ட்டு கேக்கலையே. கேக்காதத நான் ஏன் சொல்லணும்?"

"ஊரு உங்களத்தான் பேசும்."

"பேசட்டும். நீ எனக்காகக் கூண்டுல வாய மூடிக்கிட்டு நின்னே. அவரு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. எனக்கு அன்னியிலேருந்து சோறு எறங்கல."

எழுதி முடித்துச் சத்தியம் வாங்கப் பக்கத்துக் கடைவீட்டு மாடிக்குப் போனோம். அங்கே சத்தியம் வாங்கும் ஆணையர் பாலகிருஷ்ணன், தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி, நெற்றி நிறைய நாமம். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"புரட்டாசியிலயா?"

"ஆமாங்க. புரட்டாசியிலதான். நல்லா அழுத்தி முத்திரை போடுங்க" என்றார் இருசம்மாள் அக்கா.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். கோயில் தலைவர் வீட்டு அம்மாவே போய்விட்டார் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அக்கா முகத்தைப் பார்த்து 'எப்ப வாங்கினேன்' என்று கேட்டவளும் வந்தாள். அக்கா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "இப்ப ஞாபகம் வந்துருச்சா?" அவள் அழுதுவிட்டாள். நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

விஷயம் தோட்டத்துக்குள் போக நேரம் ஆகவில்லை. கோயில் கமிட்டி கூடி, அந்த ஆறு வீட்டுப் பெண்களும் அடுத்த திருவிழாவில் மாவிளக்கு எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது. கூட்டத்துக்குத் தலைமை அப்புசாமி அண்ணன். அல்சரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் தின்ற மீனுக்குத் தன் மனைவி தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு, நாமத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பஸ்ஸை இனிக் கோயில் வேலைக்குத் தர மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன். இருசம்மாள் அக்காதான் ஆள் அனுப்பி, "பஸ்ஸு என்ன பாவம் செஞ்சது?" என்று கேட்டு அதையும் மாற்ற வைத்தார்.

தீர்ப்பு நாள் பஸ் தேவைப்படவில்லை. அக்காவும் நானும் அந்த ஆறு பெண்களும் என் காரிலும் டாக்சியிலுமாகப் போனோம். நீதிபதி படித்தது மலாயில், பாதிதான் எனக்குப் புரிந்தது. முடிந்ததும் விஜயரட்ணம் தலைவணங்கினார், மிஸ் லிம் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பாமலே அடுக்கியதைப் பார்த்ததும் மீதியும் புரிந்துவிட்டது.

தாழ்வாரத்தில் வைத்து அவர் விளக்கினார். கடல் எல்லோருக்கும் பொது. மீனைப் பிடிக்கிறவருக்காவது ஒரு லைசென்ஸ் இருக்கிறது. வாங்கி விற்கிறவருக்குக் கடலில் தனி உரிமை ஏதும் இல்லை. ஆகவே இந்த வழக்கைக் கொண்டுவரவே அக்காவுக்குத் தகுதி இல்லை. தகுதி இல்லாதபோது நட்டம் வந்ததா, எதனால் வந்தது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"இருசம்மாக்கா எழுதிக் குடுத்தாங்களே, அதுக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் அக்கா.

மிஸ் லிம் தயங்கினார். நீதிபதி அந்த விஷயத்துக்குள்ளேயே போகவில்லை என்றார்.

"போகலன்னா? படிக்கவே இல்லையா?"

மிஸ் லிம் தாள்களைப் பைக்குள் வைத்தார். தோற்றதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பி அந்த ஆறு பேரையும் பார்த்தாள், பார்க்க முடியாமல் தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்தாள், அங்கிருந்து இந்தக் கோடிக்கு வந்தாள், மறுபடியும் போனாள். இருசம்மாள் அக்கா போய்க் கையைப் பிடித்து நிறுத்தினார். "வா, போலாம். ஐஸ் கரையுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மேல்முறையீட்டுக்கும் அக்கா கையெழுத்துப் போட்டாள். அது கோலாலம்பூரில் வரிசையில் போய் நின்றது. கோபுரம் வரிசையில் நிற்கவில்லை. அந்த ஆண்டு நடுவிலேயே, நாலு கால் வைத்த இரும்பு மேசை மாதிரி, தீவுக்குப் பக்கத்தில் வந்து ஊன்றிக்கொண்டது. அதைச் சுற்றிப் படகுகள் வரக் கூடாது என்று மிதவை போட்டார்கள். பாக் மாட்டின் இடம் மிதவைக்கு உள்ளே போய்விட்டது. வெளியே போட்ட வலையில் சேறு ஏறியது. அந்தப் பருவத்தில் ஆமை ஒன்றிரண்டுதான் கரையேறியது என்றார் பாக் மாட். அக்காவின் பெட்டி நாளுக்கு நாள் இலேசாகியது. பாசாரில் தவுக்கே என்கிற சீன முதலாளியிடம் விலைக்கு வாங்கி விற்றுப் பார்த்தாள், கட்டுப்படியாகவில்லை. மாமா தன் இடுப்போடு ஜாகா என்கிற காவல் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து காலையில் நிமிர முடியாமல் வருவார். அக்கா அவர் முதுகுக்குத் தைலம் தேய்ப்பதும் நின்றபடிதான்.

மறுபடியும் புரட்டாசி வந்தது. முதல் சனிக்கிழமை. டவுன் கோயிலுக்குப் போகிற ஆட்களை ஏற்ற நான் தோட்டத்துக் கோயில் முன்னால் பஸ்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் இன்னும் வீடுகளில் இருந்தார்கள். அப்புசாமி அண்ணன் கோயில் வாசலில் துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் மோட்டார் சத்தம் கேட்டது. பின்பக்கம் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. நேராக லயத்துக்கு முன்னால், கோயிலுக்கு எதிரே வந்து நிறுத்தினாள்.

ஆரனை அமுக்கினாள்.

புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்கு எதிரே, மீன்காரி ஆரன். எனக்கு உடம்பு கூசியது. ஓடிப் போய், "என்னக்கா செய்யிற, பைத்தியமா?" என்றேன். என்னைத் தள்ளிவிட்டு மறுபடி அமுக்கினாள். அவள் கண் சிவந்திருந்தது. "கேக்கட்டும். போன வருஷம் புரட்டாசியால யாவாரம் இல்லன்னாங்கள்ல. இந்த வருஷம் எதனாலன்னு எல்லாரும் வந்து பாக்கட்டும்" என்றாள்.

முதலில் திறந்தது இருசம்மாள் அக்கா வீட்டு முன்வாசல். கையில் தட்டோடு படியிறங்கி வந்தார். அதைப் பார்த்து அடுத்த வீடு திறந்தது, அதற்கடுத்தது திறந்தது. ஆறு பேர் மட்டுமில்லை. அன்று சத்தியத்துக்கு வராத வீடுகளும் திறந்தன. மறைக்க இனி என்ன இருக்கிறது? புரட்டாசியில் முன்வாசல் வழியாகத் தட்டோடு பெண்கள் வந்ததை அந்தத் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. மோட்டாரைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள்.

அப்புசாமி அண்ணன் மாலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். சண்டை வரப்போகிறது என்று நான் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியின் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மீனு இருக்கா பெரியநாயகி?" என்றார். "எனக்குத்தான் கேக்குறேன். வருஷா வருஷம் எனக்குத்தான்."

இருசம்மாள் அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த சாவிக் கீரையை இரண்டு கையாலும் அள்ளி மோட்டார் சீட்டில் வைத்தாள். அடியில் இருந்த ஐஸை ஒதுக்கினாள். பெட்டியின் அடிப்பலகை தெரிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவர்களுக்கு இடம் விட்டார்கள். அப்புசாமி அண்ணனும் எட்டிப் பார்த்தார்.

"இல்லண்ணே" என்றாள் அக்கா. "காலையிலேருந்து நின்னேன். பாக் மாட்டு வலையில ஒண்ணும் இல்ல."

அப்படியே சாக்கடைத் திட்டின் மேல் உட்கார்ந்தாள். வெயிலில் ஐஸ் கரைந்து பெட்டியிலிருந்து சொட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை. தட்டுகளோடு நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருசம்மாள் அக்கா மட்டும் நீட்டிய தட்டை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"சாவிக் கீரையாவது குடு, பெரியநாயகி" என்றார்.